ஞாயிற்றுக்கிழமை சர்க்கஸ்

இந்தக் காலத்தில் சாவு வீட்டுக்கு வருகிறவனுக்கு முதல் கவலை செத்தவனைப் பற்றியது அல்ல. வண்டியை எங்கே நிறுத்துவது என்பதுதான். வருகிறான், சந்து முனையில் நின்றுகொண்டு நாலு பக்கமும் பார்க்கிறான், பொறுக்காமல் ஹாரனையும் ஒரு தட்டுத் தட்டுகிறான். பிறகு மாலையைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, ‘எப்ப எடுக்காங்க?’ என்று கேட்கிறான். பிணத்தை எடுக்கிற நேரம் தெரிந்தால்தானே தன் வண்டியை எடுக்கிற நேரத்தையும் முடிவு செய்ய முடியும். அழ வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் சும்மா நிற்கலாம் அல்லவா? அதுவும் வராது. கைபேசியை எடுத்துத் தடவ ஆரம்பித்துவிடுவான்.

நல்லசிவம் இதையெல்லாம் தரையோடு தரையாகக் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறவருக்கு மனிதர்கள் முழங்காலுக்குக் கீழேதான் தெரிவார்கள். ரப்பர் செருப்பு, தோல் செருப்பு, தொப்புத் தொப்பென்று வெள்ளைச் சப்பாத்து. எல்லாம் வண்டியின் பக்கத்தில் வந்து ஒரு நிமிடம் தயங்கி, உடம்பைச் சரித்து, சுவரை உரசிக்கொண்டு வீட்டுப் பக்கம் போயின.

“யாரு இது? சாவு வீட்டு வாசல்ல வண்டி ரிப்பேர் பண்ணிக்கிட்டு?” என்றது வெள்ளைச் சப்பாத்து.

“செத்தவரோட மச்சான்” என்றது தோல் செருப்பு.

“அப்ப உள்ளல்லா இருக்கணும்?”

“உள்ள இருக்க விட்டாத்தானே” என்று நல்லசிவம் கியர்பாக்ஸைப் பார்த்துச் சொன்னார். அது அவர்களுக்குக் கேட்கவில்லை.

செத்தது சுடலைமணி. நல்லசிவத்தின் தங்கை சந்தனமாரியின் வீட்டுக்காரன். நேற்று, வெள்ளிக்கிழமை மத்தியானம், இதே வண்டிக்கு அடியில் இதே இடத்தில் கிடந்து, கியர் ஆயிலை மாற்றுவதற்காக, கியர்பாக்ஸில் எண்ணெய் வடிக்கிற கீழ் பிளக்கைத் திறக்கப் பார்த்தான். அது இறுகிப்போய் அசையவில்லை என்று கண்டவர்கள் சொன்னார்கள். பிறகு எழுந்து போய் முனைக் கடையில் சாயா குடித்தான். நெஞ்சைத் தடவினான். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இன்று காலையில் ஆம்புலன்ஸ் திரும்பக் கொண்டுவந்தபோது இந்த வண்டி சந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றது. ஆகவே சந்து முனையிலிருந்து ஸ்ட்ரெச்சரை ஆட்கள் தோளுக்கு மேல் தூக்கி, வண்டிக்கும் குடோன் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்துக் கொண்டுவந்தார்கள். சுக்கு மூட்டையை அப்படித்தான் இறக்குவார்கள். நல்லசிவத்துக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

அதன் பிறகு அவர் ஜவுளிக்கடை திறக்கும்வரை வாசலில் நின்று கோடிச் சேலை வாங்கினார். புருசன் போனவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். அப்பா அம்மா போய்விட்டால் அண்ணன்தான் பிறந்த வீடு. கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்து முடி நரைத்தாலும் சங்கரன்கோவில் பக்கத்துச் சனத்துக்கு அது மாறாது. கோடி வராத பொம்பளையை நாளைக்கு ஊரில் நாலு பேர், நாதியில்லாதவள் என்று பேசுவார்கள்.

பையோடு உள்ளே போனார். சந்தனமாரி கண்ணாடிப் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுகிறவளாகத் தெரியவில்லை. யாரோ கடன்காரனைப் பார்ப்பது மாதிரி அண்ணனைப் பார்த்தாள்.

“அதை அப்படியே கொண்டுபோயிரு. அந்தக் கையால எனக்கு ஒண்ணும் வேண்டாம்.”

“எந்தக் கையால?”

“பிளக்கை முறுக்குன கையால.”

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். விசிறிக்கொண்டிருந்த ஒருத்தியின் கைகூட நின்றுவிட்டது. காரியங்களை முன்நின்று நடத்துகிற அங்கம்மாள் கிழவிதான் எழுந்து வந்து அவர் முழங்கையைப் பிடித்தாள். “நீரு கொஞ்சம் வெளிய இரும். குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க நேரம் கெடக்கு. அதுக்குள்ள அவ மனசு ஆறும்” என்றாள்.

நல்லசிவம் சேலைப் பையை வண்டியின் சீட்டில் வைத்தார். அங்கேயே நின்று யோசித்தார். அந்தப் பிளக்கைப் போன தடவை மூடியது அவர்தான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் முறைப்படித்தான் மூடினார். முறைப்படி மூடின பிளக்கை முறைப்படி இழுத்தால் திறக்கும். இத்தனை பேர் பார்க்க, இந்த வயதில், ஒரே இழுப்பில் தான் திறந்து காட்டிவிட்டால் அது ஆளைக் கொல்கிற பிளக் இல்லை என்று ஆகிவிடும். அதன் பிறகு அவள் கோடியை வாங்க மாட்டேன் என்று எப்படிச் சொல்லுவாள், பார்க்கலாம்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டார்.

மாப்பிள்ளை விட்டது விட்டபடி எல்லாம் கிடந்தது. ரிங் ஸ்பேனர், எண்ணெய் பிடிக்கிற தகரத் தட்டு, துணி. தட்டில் கொஞ்சம் எண்ணெய் சொட்டியிருந்தது. இந்த வண்டி சொட்டாத நாள் எது? தரையில் ஒரு கோணிச்சாக்கு விரித்திருந்தது. தலைப்பக்கம் இன்னொரு சாக்கு, நாலாக மடித்து, உள்ளே பஞ்சுக் கழிவு வைத்து, தலையணை மாதிரி. அதைப் பார்த்ததும் நல்லசிவத்துக்கு எரிச்சல் வந்தது. வேலைக்கு வந்தவன் முதலில் படுக்கை போட்டிருக்கிறான்.

இருவரும் சேர்ந்து ஓட்டின வண்டி இது. பஜார் ரோட்டுக் குடோன்களிலிருந்து சுக்கும் மிளகும் ஏற்றி, இடப்பள்ளிக்கும் தேவராவுக்கும் கொண்டுபோய் இறக்குகிற வேலை. காலையில் ஒருவர் ஓட்டினால் சாயங்காலம் மற்றவர். நல்லசிவம் நெடுநெடுவென்று வளர்ந்தவர், சுடலைமணி குட்டை. ஒருவர் இறங்கி மற்றவர் ஏறினால் சீட்டை முன்னே தள்ளுவதும் பின்னே தள்ளுவதுமாக அந்தச் சீட்டே தேய்ந்துபோய்விட்டது. சண்டைக்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம் முறுக்குவது.

நல்லசிவத்துக்குக் கையால் முறுக்கின எதிலும் நம்பிக்கை கிடையாது. ஸ்பேனரால் முறுக்கினதிலும் கிடையாது. ஸ்பேனரின் பிடியில் ஒரு தண்ணீர்க் குழாயைச் செருகி நீளமாக்கி, கால் இரண்டையும் எதிர்ச் சுவரில் ஊன்றி, ‘ம்ம்’ என்று ஒரு இழுப்பு இழுத்தால்தான் அவருக்கு ராத்திரி தூக்கம் வரும். வீட்டுத் தண்ணீர்க் குழாயைக்கூட அப்படித்தான் மூடுவார். அவர் மூடின குடிநீர் பாட்டிலைத் தங்கை மகன் அருண்பாண்டி கதவிடுக்கில் வைத்துத் திறந்திருக்கிறான்.

“மச்சான், நீ மூடுனதைத் திறக்கதுக்கு இனிமே ஒருத்தன் பொறந்து வரணும்” என்பான் சுடலைமணி.

“நீ மூடுனது எல்லாம் ரோட்டுல கெடக்கும், பொறுக்கிக்கிட்டே வரலாம்” என்பார் இவர்.

ஒரு தடவை சுடலைமணி, மேல் பிளக் திறக்குமா என்று பார்க்காமல் கீழ் பிளக்கைத் திறந்து பழைய எண்ணெயை எல்லாம் வடித்துவிட்டான். வடித்தபிறகு பார்த்தால் மேலே எண்ணெய் ஊற்ற வேண்டிய பிளக் அசையவில்லை. தேவராவில், கொட்டுகிற மழையில், வெறும் கியர்பாக்ஸோடு, மிளகு மூட்டைகளோடு வண்டி நின்றது. முதலில் மேலே, பிறகு கீழே என்று அன்றைக்கு நல்லசிவம் சொல்லிக்கொடுத்தார். அதையும் அந்த மனுசன் ஒத்துக்கொள்ளவில்லை. மேல் பிளக் திறக்காததற்குக் காரணம் அதை மூடின கை என்றான்.

இந்த வியாழக்கிழமை அதே பேச்சு வந்தது. இரண்டாம் கியர் இடிக்கிறது, ஆயிலை மாத்தணும் என்று சுடலைமணி சொன்னான்.

“ஞாயித்துக்கெழமை வாரேன். அது என் கைக்குத்தான் திறக்கும். நீ தொடாத” என்றார் இவர்.

“உன் கைக்குத்தான் திறக்குமோ? அது என்ன, பேங்க் லாக்கரா?”

“தொடாதன்னா தொடாத மாப்ளே.”

தொட்டான். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது. ஞாயிற்றுக்கிழமைக்கு எவ்வளவு தூரம் இருந்தது? நாளைக்குத்தானே ஞாயிற்றுக்கிழமை.

நல்லசிவம் ஸ்பேனரை எடுத்துப் பிளக்கில் மாட்டினார். குழாயைத் தேடிக் கை நீட்டினார். அதற்குள் ஒரு கைபேசி அவர் முகத்துக்கு நேரே வந்தது. வெள்ளைச் சப்பாத்துக்காரன் குந்தியிருந்தான். அருண்பாண்டியோடு இடப்பள்ளி மாலில் வேலை பார்க்கிறவன்.

“அங்கிள், இதுக்குச் சூடு வைக்கணும். வீடியோல காட்டுறான் பாருங்க. டார்ச்ல சூடு பண்ணிட்டு…”

“எண்ணெய்க்குப் பக்கத்துலயா? சுடுகாடு அங்க இருக்கு தம்பி, இங்கயே வேண்டாம்.”

“அப்ப துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரே?” என்றது இன்னொரு குரல். “சுத்தியலால சுத்தித் தட்டணும்” என்றது மூன்றாவது. சாவுக்கு வந்தவன் எல்லாம் மெக்கானிக் ஆகிவிட்டான். உள்ளே போய் ஒரு மாலை போட வழி தெரியாதவனுக்கு கியர்பாக்ஸுக்கு வழி தெரிகிறது.

அருண்பாண்டி வந்தான். அப்பனை இழந்த பையன், கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவன், முகம் வீங்கியிருந்தது. தரையில் ஒரு கை ஊன்றிக் குனிந்தான்.

“மாமா, மதி, போதும். எந்திரிங்க. எல்லாரும் பார்க்காங்க.”

“பார்க்கட்டும். அதுக்குத்தான்.”

“அம்மா ஏதோ சங்கடத்துல சொல்லிட்டா. டாக்டர் என்ன சொன்னாரு? ரொம்ப நாளாவே அடைப்பு இருந்திருக்கு. பிளக் திறந்தாலும் திறக்காட்டியும்…”

“டாக்டர் இந்தப் பிளக்கைப் பாத்தானா?”

“மாமா!”

“பாத்தானா இல்லையா? பாக்காதவன் எப்படிச் சொல்லுவான். தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்காத.”

அருண்பாண்டி தள்ளி நின்றான். நல்லசிவம் ஸ்பேனரில் குழாயைச் செருகினார். கால் இரண்டையும் குடோன் சுவரில் ஊன்றினார். திறக்கிற பக்கம் எது என்று இன்னொரு தடவை விரலால் சுற்றிப் பார்த்துக்கொண்டார். மற்றவன் போல் தப்பான பக்கம் திருப்பிப் பேர் கெடுத்துக்கொள்ள அவர் தயாரில்லை. குழாயை இரண்டு கையாலும் பிடித்து, தோளையும் தலையையும் தரையிலிருந்து தூக்கி, பல்லைக் கடித்து, உடம்பில் இருந்த அவ்வளவு பலத்தையும் திரட்டி இழுத்தார்.

பிளக்கில் பிடிப்பே இல்லை. வெண்ணெயில் கத்தி போவது மாதிரி ஸ்பேனர் போனது. குழாய் கழன்று பறந்து சாக்கடைப் பக்கம் விழுந்து ‘டங்’ என்றது. கைமுட்டிகள் இரண்டும் சேஸிஸில் போய் மோதித் தோல் உரிந்தது. இழுத்த வேகத்தில் அவர் தலை பின்னால் போய்த் தரையில் இடித்தது. இடித்தது தரை இல்லை. மடித்து வைத்திருந்த சாக்கு.

மேலே பிளக்கிலிருந்து கறுப்பு எண்ணெய் நூலாக இறங்கி, உள்ளங்கையில் விழுந்து, மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது. அவசரமாக விரலாலேயே பிளக்கைத் திருப்பினார். திரும்பியது. சோடா மூடி மாதிரி லேசாகத் திரும்பியது.

“அங்கிள், சூப்பர்! ஒரே அடியில திறந்துட்டீங்க!” என்றான் வெள்ளைச் சப்பாத்து.

நல்லசிவம் கையை மேலே நீட்டி, கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருந்த மேல் பிளக்கைத் தடவினார். அதுவும் திறந்திருந்தது. விரலால் முடுக்கி வைத்திருந்தது. சுற்றிலும் இருந்த பழைய அழுக்கு சுரண்டி எடுக்கப்பட்டிருந்தது. முதலில் மேலே, பிறகு கீழே. சேஸிஸின் விளிம்பில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தார். புதுச் செம்பு வாஷர்.

எல்லாம் தயாராக இருந்தது. எண்ணெயை வடிக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. திறந்தவன் ஏன் வடிக்கவில்லை? ஏன் திரும்ப விரலால் மூடி வைத்தான்? அதைவிட, யார் திறந்தது?

துணியால் துடைத்துக் கீழ் பிளக்கைத் திரும்ப ஏற்றினார். ஸ்பேனரால், குழாய் இல்லாமல், லேசாக ஒரு முடுக்கு. குழாய் சாக்கடையில் கிடந்தது, அதுதான் காரணம். பிறகு ஊர்ந்து வெளியே வந்து யாரையும் பார்க்காமல் சந்து முனைக்கு நடந்தார்.

முனையில் ரமேஷ்பாபுவின் சாயாக்கடை. மலையாளத்தான்தான், ஆனால் இந்தச் சந்தில் கடை வைத்து அவன் பேச்சு பாதி சங்கரன்கோவிலாகிவிட்டது. சாவு நாளானதால் பாதிக் கதவைச் சாத்தி வைத்திருந்தான்.

“நேத்து வண்டிக்கு எந்த மெக்கானிக் வந்தான்?”

“மெக்கானிக்கா? ஆரும் வரலியே அண்ணா.”

“பொய் சொல்லாத. ரெண்டு பிளக்கும் திறந்திருக்கு. அதை அவன் ஒத்தைக்குத் திறந்திருக்க முடியாது.”

“சத்தியமாயிட்டு ஆரும் வரல. நான் இங்கதானே இருக்கேன். மணியண்ணன் ஒத்தைக்கு அடியில கெடந்தாரு. நல்ல நேரம் கெடந்தாரு. பின்ன எழும்பி வந்தாரு, கையெல்லாம் கறுப்பு. ஒரே சிரிப்பு.”

“சிரிப்பா?”

“ஆமா. பஞ்சாரை கூட்டிப் போட்டு, நல்ல இனிப்பா ஒரு சாயா தாடான்னாரு. பின்ன சொன்னாரு, ‘பாபு, ஞாயித்துக்கெழமை காலையில கடையைச் சீக்கிரம் திற. இங்க சர்க்கஸ் இருக்கு. ஒரு பெரிய ஆனை மல்லாக்க விழும்’னு. எனக்கு ஒண்ணும் மனசிலாகல. என்ன சர்க்கஸுன்னு கேட்டேன். சொல்லல. அதுக்குள்ளதான்…” ரமேஷ்பாபு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். “பெஞ்சில சாஞ்சாரு. அப்பவும் முகத்துல அந்தச் சிரிப்பு பாக்கி இருந்துச்சு.”

நல்லசிவம் பெஞ்சைப் பார்த்தார். அதில் இப்போது யாருடைய ஹெல்மெட்டோ இருந்தது.

“சோப்பு இருந்தா கொடு” என்றார்.

சோப்புக்கு அந்த எண்ணெய் போகவில்லை. உள்ளங்கை ரேகைகளிலும் நக இடுக்குகளிலும் கறுப்பு தங்கிவிட்டது. உரிந்த முட்டியில் சோப்பு பட்டுத் தீயாக எரிந்தது. வீட்டுப் பக்கமிருந்து சங்குச் சத்தம் வந்தது. நீர்மாலை எடுத்து வந்துவிட்டார்கள். வண்டி சீட்டிலிருந்து சேலைப் பையை முழங்கைக்குள் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

சுடலைமணியைப் பெட்டியிலிருந்து எடுத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். தலை சாயாமல் அருண்பாண்டி பின்னால் நின்று பிடித்திருந்தான். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய், ஒரு கிண்ணத்தில் சீயக்காய்.

“சம்பந்த வழி ஆளு வாங்க. எண்ணெய் வைக்கணும்” என்றாள் அங்கம்மாள். நல்லசிவத்தின் கையைப் பார்த்ததும் முகம் சுளித்தாள். “என்ன கை இது? பொணத்துக்கு எண்ணெய் வைக்க வார கையா?”

“பொறங்கையாலதானே வைக்கணும்” என்றார் அவர்.

அது உண்மைதான். செத்தவருக்கு எண்ணெயை உள்ளங்கையால் வைப்பது இல்லை, இடது புறங்கையால்தான். அவர் கையில் புறங்கை ஒன்றுதான் கறுப்பில்லாமல் இருந்தது. முட்டியில் ரத்தம் மட்டும் கசிந்தது. எண்ணெயைப் புறங்கையில் தொட்டு மாப்பிள்ளையின் உச்சியில் வைத்தார். சீயக்காயையும் வைத்தார். மடியில் கிடந்த சுடலைமணியின் கைகளைப் பார்த்தார். அந்த நகங்களிலும் அதே கறுப்பு. அங்கம்மாள் தேய்த்துப் பார்த்துவிட்டு விட்டிருப்பாள் போலிருந்தது. நிமிர்ந்தபோது சந்தனமாரி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை அல்ல, முட்டியை.

“விழுந்தியா?” என்றாள்.

“எங்க?”

“மல்லாக்க.”

“நான் எதுக்கு விழுதேன்.”

“சட்டை முதுகுல பூரா மண்ணு.”

நல்லசிவம் தோளைத் திருப்பிப் பார்க்க முயன்றார். தெரியவில்லை.

“அவுக அதைத் திறந்துட்டாவ, அண்ணே” என்றாள் அவள், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில். “நேத்து ஒரு தடவை உள்ள வந்தாவ. அந்த ஸ்பேனர் பிடியில மரக்கட்டையால தட்டித் தட்டித் திறந்தேன், உங்க அண்ணன்ட்ட சொல்லிராதன்னாவ. விரலால மூடி வச்சிருக்கேன், ஞாயித்துக்கெழமை அவரு குழாயை மாட்டித் தொங்குவாரு, மல்லாக்க விழுவாரு, நீ ஜன்னல்ல நின்னு பாருன்னாவ. சின்னப் பிள்ளை மாதிரி சிரிச்சாவ.”

“தட்டித் திறக்கதுக்கு அது தேங்காயா?”

“பொறவு போயி சாக்கை மடிச்சு வச்சாவ. பஞ்செல்லாம் கேட்டு வாங்கிட்டுப் போனாவ. கெழட்டு மண்டை, தரையில மோதிறப்பிடாதுன்னு.”

“அது அவன் தலைக்கு வச்சுக்கிட்டது.”

“உனக்கு வச்சது.”

“அவனுக்கு. வேலை செய்யப் போன இடத்துல மெத்தை கேக்கும் அவனுக்கு.”

சந்தனமாரியின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது, நல்லசிவத்துக்கு அது நன்றாகத் தெரிந்தது, அந்த மூக்கு விடைப்பைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர் அவர். ஆனால் பாதியில் அது வேறு எதுவாகவோ திரும்பியது. சுற்றி இருந்த பெண்கள் அவள் இப்போதுதான் அழ ஆரம்பித்தாள் என்று நினைத்து எல்லாரும் சேர்ந்து குரல் எடுத்தார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் அவள் முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“அவ்வளவு முறுக்காட்டிதான் என்ன?”

“கழண்டு விழுந்திருக்கும்.”

“இத்தனை வருசத்துல ஒண்ணாவது விழுந்துச்சா?”

“முறுக்குனதாலதான் விழல.”

அவள் தலையைக் குனிந்து முதுகைக் காட்டினாள். நல்லசிவம் பையைப் பிரித்தார். சேலையில் கறுப்புப் பட்டுவிடக் கூடாதே என்று விரல்களை மடக்கி, இரண்டு மணிக்கட்டாலும் தூக்கிப் பிடித்து, சின்னப் பிள்ளைக்குப் போர்த்துவது மாதிரி அவள் தோளில் போட்டார். ஒரு முனை சரிந்தது. அவளே இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

எடுக்கும்போது மறுபடியும் அதே தொல்லை. அமரர் ஊர்தி உள்ளே வராது, பாடையைச் சந்து முனைவரை தூக்க வேண்டும். வண்டியைத் தள்ளி வைக்கலாமே என்றான் ஒருவன். முன்சக்கரத்துக்கு அடியில் கட்டை இருக்கிறது, தள்ளினால் இறங்கிக் காலில் ஏறும் என்றான் இன்னொருவன். “யாரும் தொடப்பிடாது” என்று நல்லசிவம் போட்ட சத்தத்தில் இரண்டு பேரும் அடங்கினார்கள். அவர் பாடையின் தலைப்பக்கம் தோள் கொடுத்தார். மாப்பிள்ளை கனக்கவே இல்லை. காலையில் ஸ்ட்ரெச்சரைச் சாய்த்த இடம் வந்தபோது, “நேரா, நேரா, சாய்க்காத” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி, தன் தோளைச் சுவரில் தேய்த்து, பாடையை நேராகவே கொண்டுபோனார்.

சுடுகாட்டில் எல்லாம் சுருக்காக முடிந்தது. இந்தக் காலத்தில் அதுவும் ஒரு பொத்தான்தான். திரும்பி வரும்போது மழை பிடித்தது. ஆட்கள் சந்து முனையிலேயே அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். வெள்ளைச் சப்பாத்துக்காரன், “போயிட்டு வரேன் அங்கிள்” என்றான். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

வாசல் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். அருண்பாண்டி வாளியை வைத்துக் குழாயைத் திறந்தான். தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது.

“மாமா, நாளைக்கு அந்த ஆயிலை மாத்திரலாமா? வண்டியை எடுத்து வழி விடணுமே.”

“நாளைக்கு ஞாயித்துக்கெழமைதானே? வாரேன்னு சொல்லியிருந்தேம்லா. வருவேன்.”

அவர் குளிக்கப் போகாமல் வண்டியிடம் போனார். முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தார். தகரத் தட்டில் காலையில் பார்த்ததற்கு மேல் ஒரு சொட்டுகூட இல்லை. குழாய் போடாமல், லேசாக ஒரு முடுக்கு முடுக்கினதுதான். விரலை நீட்டிப் பிளக்கைச் சுற்றித் தடவிப் பார்த்தார். விரல் காய்ந்திருந்தது. அதை மூக்கில் வைத்து மோந்தும் பார்த்தார்.

சொட்டும். இப்போது சொட்டாவிட்டால் ராத்திரி சொட்டும்.

சாக்குகள் இரண்டும் நனையாமல் கிடந்தன. ஒன்று விரித்தபடி, ஒன்று தலைக்கு மடித்தபடி, நடுவில் ஒரு பள்ளத்தோடு. நல்லசிவம் குடோன் சுவரைப் பார்த்தார். காலை ஊன்றின இடத்தில் இரண்டு தடம் இருந்தது. சுவரிலிருந்து சாக்கு வரைக்கும் கண்ணாலேயே அளந்தார். மாப்பிள்ளை குட்டை. அந்தச் சுவரில் கால் வைத்துப் படுத்தால் அவன் தலை இந்தச் சாக்கை எட்டாமல் ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிடும்.

இன்னொரு தடவை அளந்தார்.

“அவனுக்கு எதுலதான் அளவு சரியா வந்துச்சு” என்று சொல்லிவிட்டு, மழையில் நனைந்துகொண்டே குழாயடிக்கு நடந்தார்.